அப்பாவின் டைரியில் தினமும் "72 சரி": விமானப் படையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்

காட்பாடி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போன வருஷம் (2024) ஐப்பசியில் தவறிவிட்டார். எழுபத்தைந்து வயது. வருகிற ஐப்பசியில் தலை திவசம். அன்றைக்குப் பேரப்பிள்ளைகள் முன்னால் தாத்தாவைப் பற்றி இரண்டு பக்கம் படிக்க வேண்டும் என்று தம்பி சொல்கிறான். எழுதும் வேலை என் தலையில். எழுத உட்கார்ந்தால், அப்பா என்ன சாப்பிடுவார், எதற்குக் கோபப்படுவார் என்பதெல்லாம் தெரிகிறது. வேலையில் தினமும் என்ன செய்தார் என்பது மட்டும் தெரியவில்லை.

எங்களுக்கு ஊர் குடியாத்தம் பக்கம். வேலூர் ஜில்லாவில் பட்டாளத்துக்குப் போவது ஒன்றும் புதிதில்லை. ஆனால் எங்கள் தெருவில் போனவர்கள் எல்லாம் தரைப்படை. அப்பா மட்டும் 1967-ல் பதினெட்டு வயதில் விமானப் படைக்கு ஏர்மேனாகப் போனார். என்ஜின் ஃபிட்டர். தாம்பரத்தில் பயிற்சி, பிறகு ஆக்ரா, சண்டிகர், கடைசியாக சூலூர். 1991-ல் ஜூனியர் வாரண்ட் ஆபீசராக வெளியே வந்தார். அதோடு விடவில்லை. சென்னையில் விமானப் பராமரிப்பு சொல்லிக்கொடுக்கும் ஒரு தனியார் கல்லூரியில் 2009 வரை பிராக்டிகல் வாத்தியார். மொத்தம் 42 வருஷம். டிக்கெட் வாங்கி விமானத்தில் உட்கார்ந்து போனது ஒரே ஒரு தடவைதான், தம்பி கூட்டிக்கொண்டு போனான். ஜன்னல் சீட் கொடுத்தும் வெளியே பார்க்கவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாராம். இறங்கும்போது "நல்லா வச்சிருக்காங்க" என்றாராம்.

அப்பாவின் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு ஸ்பார்க் பிளக். பைக்கில் இருப்பதைவிடப் பெரியது, நல்ல கனம். கூடவே கையடக்க டைரிகள், 1970-லிருந்து. நீளமாக எதுவும் எழுதமாட்டார். "மழை", "மணியார்டர் 60", "பாப்பா பல் முளைச்சிருக்காம்", இந்த மாதிரிதான். ஆனால் முக்கால்வாசி நாளில் "72 சரி" என்று இருக்கிறது. சில நாள் "70 சரி, 2 மாத்தினது". 1985-க்குப் பிறகு அது எங்குமே இல்லை. கடைசியாக ஒரு பக்கத்தில் "இன்று கடைசி 72" என்று இருக்கிறது.

11-12-71 அன்று மட்டும் கொஞ்சம் அதிகம் எழுதியிருக்கிறார்: "கலைகுண்டா. 72 சரி. மதியம் போனது. இருட்டின பிறகு வந்தது. சாப்பிட்டேன்."

அந்த 72 என்ன? அன்றைக்கு எது போனது, எது வந்தது? அம்மாவும் இல்லை, கேட்க ஆள் இல்லாமல் இங்கே வந்திருக்கிறேன்.

---

செந்தில் கோவை:

அக்கா, டிஸ்சார்ஜ் புத்தகம் பத்திரமாக இருக்கிறதா? அதில் அப்பாவின் சர்வீஸ் நம்பர் இருக்கும். எந்தெந்த யூனிட்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்ற விவரம் டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப் படை ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். வாரிசு என்று சொல்லி எழுதிக் கேளுங்கள். வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் கடிதம் எப்படி எழுதுவது என்று சொல்லித் தருவார்கள். 72 எனக்குத் தெரியவில்லை. இங்கே பழைய ஆட்கள் இருக்கிறார்கள், கட்டாயம் யாராவது வருவார்கள்.

---

பேக்கெட்காரன் (திருச்சி):

அம்மா, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். எனக்கு எழுபத்தொன்பது வயசு, நானும் என்ஜின் ஆள்தான். "72 சரி"ன்னு படிச்சதும் எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்துதான் டைப் பண்றேன்.

அது ஸ்பார்க் பிளக் கணக்கு. அப்பா வேலை பார்த்தது பேக்கெட் விமானத்தில். அமெரிக்கக்காரன் ஃபேர்சைல்டு கம்பெனி செஞ்சது, சி-119. உடம்பு பெட்டி மாதிரி இருக்கும், ரெண்டு பக்கத்து என்ஜினுக்கும் பின்னாலிருந்து ரெண்டு வால் தனித்தனியா நீண்டு போகும். ரெண்டு என்ஜின். ஒரு என்ஜினுக்குப் பதினெட்டு சிலிண்டர், ஒன்பது ஒன்பதா ரெண்டு வட்டம், சூரியகாந்திப் பூவைச் சுத்தி இதழ் இருக்கிற மாதிரி. ஒரு சிலிண்டருக்கு ரெண்டு பிளக். பதினெட்டு ரெண்டு முப்பத்தாறு, ரெண்டு என்ஜினுக்கு எழுபத்திரண்டு. அவ்வளவுதான் அம்மா கணக்கு. ஆனா அந்த எழுபத்திரண்டில்தான் எங்க இளமை போச்சு.

எதுக்கு ரெண்டு பிளக்குன்னா, ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு பத்தவைக்கும். ரெண்டுக்கும் கரண்டு வர்றது தனித்தனி மேக்னட்டோவிலிருந்து. பறக்கிறதுக்கு முன்னால என்ஜினை ஓடவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் அணைச்சுப் பார்ப்போம். சுத்து கொஞ்சம் குறையும். குறைய வேண்டியதுக்கு மேல குறைஞ்சா எங்கேயோ ஒரு பிளக் வேலை செய்யலைன்னு அர்த்தம். மேக் டிராப்னு சொல்லுவோம். முப்பத்தாறில் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? என்ஜினை நிறுத்தின உடனே ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு சிலிண்டரா கைவச்சுப் பார்க்கணும். எல்லாம் கொதிக்கும். ஒண்ணு மட்டும் ஆறி இருக்கும். அதுதான் ஆசாமி. புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கணும், உள்ளங்கை வச்சா தோல் அங்கேயே ஒட்டிக்கும். உங்க அப்பா வலது புறங்கையில் சின்னச் சின்னத் தழும்பு இருந்துச்சா?

கீழ்ப் பக்கத்துச் சிலிண்டர் ரொம்பத் தொல்லை. ராத்திரி நிறுத்திவச்சா எண்ணெய் இறங்கி அதில் தேங்கிடும். பிளக் நனைஞ்சு போகும். அதைவிட மோசம், எண்ணெய் தேங்கினது தெரியாம ஸ்டார்ட் பண்ணினா உள்ளே ராடு வளைஞ்சிடும். அதனால காலையில முதல் வேலை, ஆள் ஆளா நின்னு புரொப்பெல்லரைக் கையால சுத்துறது. டிசம்பர் மாசம் வடக்கே அந்தப் பனியில் அதைத் தொட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

1985-க்கு அப்புறம் ஏன் இல்லைன்னு கேட்டீங்க. 1984-ல் சோவியத் யூனியனிலிருந்து ஏ.என்.32 விமானம் வந்துச்சு. அது டர்போபிராப், டர்பைன் வச்சுப் புரொப்பெல்லரைச் சுத்துற என்ஜின், இந்தப் பிளக் கணக்கே கிடையாது. பேக்கெட்டெல்லாம் ஒண்ணொண்ணா ஓய்வுக்குப் போச்சு. அந்த டின்னில் இருக்கிற பிளக் அநேகமா "கடைசி 72"-ல் ஒண்ணா இருக்கணும். நான் ஒண்ணு எடுத்து வைக்காம விட்டுட்டேன்.

இப்போ 11-12-71. அம்மா, அது டாங்காயில். பங்களாதேஷ் போர். டாக்காவுக்கு வடக்கே டாங்காயில்கிட்ட லோஹஜங் ஆத்துக்கு மேல பூங்லி பாலம். அதைப் பிடிச்சா வடக்கேயிருந்து டாக்காவுக்குப் பின்வாங்குற பாகிஸ்தான் படைக்கு வழி அடைபடும். அதுக்காக 2-வது பாராசூட் பட்டாலியனை அன்னைக்குச் சாயங்காலம் வானத்திலிருந்து இறக்கினாங்க. கர்னல் பன்னு தலைமை. மேற்கு வங்கத்தில் இருக்கிற கலைகுண்டாவிலிருந்தும் டம்டமிலிருந்தும் ஏறக்குறைய ஐம்பது விமானம் போச்சு. ஏ.என்.12, பேக்கெட், டகோட்டா எல்லாம் கலந்து. அஞ்சு நாள் கழிச்சு 16-ந்தேதி டாக்காவில் சரணாகதி. டாக்காவுக்குள்ளே முதல்ல நுழைஞ்சதும் அந்தப் பட்டாலியன்தான்.

"மதியம் போனது, இருட்டின பிறகு வந்தது"ன்னா அப்பா கைபட்ட விமானம். தரையில் நிக்கிறவனுக்கு அந்த நடுவில் இருக்கிற நேரம் இருக்கே, அதை எழுத வராது. அது திரும்பி வந்து நிக்கிறவரைக்கும் சோறு இறங்காது. அதனால்தான் "சாப்பிட்டேன்"னு எழுதியிருக்கார்.

---

காட்பாடி டீச்சர்:

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி இதைத் தம்பிக்குப் போனில் படித்துக் காட்டினேன். இரண்டு பேராலும் பேச முடியவில்லை.

தழும்பு இருந்தது ஐயா. வலது கையில், கட்டை விரலுக்கு மேலே. கேட்டால் "இஸ்திரிப் பெட்டி" என்பார்.

இன்னொன்று. லீவில் வரும்போது நாங்கள் மூன்று பேரும் வரிசையாகப் பாயில் படுத்திருப்போம். ராத்திரி எழுந்து வந்து ஒவ்வொருவர் நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். கடைசியில் படுத்திருப்பது நான். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு என் முறை வரக் காத்திருப்பேன். காய்ச்சலே இல்லாத நாளில்கூட அப்படிச் செய்வார். ஏன் உள்ளங்கையை வைக்கமாட்டேன் என்கிறார் என்று நினைத்ததுண்டு.

நீங்கள் இவ்வளவு சொன்ன பிறகு, மனசில் இருக்கும் ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். 1978 ஜனவரியில் ஆயா இறந்தது, அப்பாவைப் பெற்ற தாய். தந்தி அப்பா கைக்குப் போய்ச் சேர நாலு நாள் ஆகிவிட்டது. டெல்லி வந்து, ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்து வருவதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே மகன். கொள்ளியைச் சித்தப்பா மகன் வைத்தார். அந்த நாள் டைரியில் "அம்மா. 4 நாள் ஆச்சாம். 72 சரி" என்று இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அப்பா மேல் கோபம்தான் வந்தது. பெற்ற தாய் செத்த சேதிக்குக் கீழே எப்படி இதை எழுத முடிந்தது?

டின்னில் ஒரு பத்திரிகைத் துண்டும் இருந்தது. 2003-ல் வெட்டி வைத்தது. பனிமலையில் பழைய விமானம் ஒன்றின் சிதைவு கிடைத்தது என்று. போன வருஷம் செப்டம்பர் கடைசியில் டிவியில் அதே மாதிரி செய்தி வந்தபோது, படுக்கையில் இருந்தவர் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமே போய்விட்டார்.

கடைசியாக ஒரு நீள நோட்டு. 2009-ல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அந்த மாதமே அப்பா கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். 2018-ல் அம்மா போகும் வரை ஒன்பது வருஷம், குளிப்பாட்டுவது முதல் தலை வாரிப் பின்னுவது வரை அவர்தான். ஆள் வைக்கலாம் என்றால் கேட்கமாட்டார். நோட்டின் அட்டையில் "எஃப் 700" என்று எழுதியிருக்கிறார். உள்ளே அம்மாவின் மருந்துக் கணக்கு. தேதி, நேரம், மாத்திரை, பிரஷர், பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. கடைசிக் கட்டத்தில் தினமும் அம்மாவின் கையெழுத்து, இடது கையால் கோணல்மாணலாகப் போட்டது. பேச்சே சரியாக வராத அம்மாவை எதற்கு ஒவ்வொரு நாளும் கையெழுத்துப் போட வைத்தார்? கை பழக வேண்டும் என்றா?

---

பேக்கெட்காரன் (திருச்சி):

கையும் பழகியிருக்கும் அம்மா. ஆனா அது மட்டும் இல்லை.

எஃப் 700ங்கிறது ஒவ்வொரு விமானத்துக்கும் இருக்கிற புத்தகம். என்ஜின்காரன், ஏர்ஃப்ரேம்காரன், எலக்ட்ரிகல்காரன், யார் என்ன வேலை செஞ்சாலும் அதில் எழுதிக் கையெழுத்துப் போடணும். நான் பார்த்தேன், சரியா இருக்கு, ஏதாவது ஆனா என்னைக் கேளுன்னு அர்த்தம். எல்லாரும் போட்டு முடிச்சதும் புத்தகம் கேப்டன்கிட்ட போகும். அவர் படிச்சுப் பார்த்துக் கடைசியில் கையெழுத்துப் போட்டு விமானத்தை ஏத்துக்கணும். அவர் போடாம அது நகராது. நாங்க எவ்வளவு சீனியரா இருந்தாலும் அந்தக் கடைசிக் கட்டம் எங்களுது இல்லை, கேப்டனுது.

அந்தக் கட்டத்தைத்தான் அம்மாவுக்குக் கொடுத்திருக்கார்.

78 ஜனவரியைப் பத்திக் கேட்டீங்க. எங்க அப்பா போனப்ப நான் ஜோர்ஹட்டில் இருந்தேன், நானும் கொள்ளி வைக்கலை. சேதி வந்த அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்னு யோசிச்சுப் பார்க்கிறேன். கையில் இருந்த வேலையை முடிச்சேன். ஏன்னா மறுநாள் காலையில அதில் யாராவது ஏறுவாங்க, அவங்களுக்கும் வீடு இருக்கு. உங்க அப்பா மனசில் என்ன இருந்துச்சுன்னு நான் சொல்ல முடியாது. ஆனா அந்த வரி கல் மனசால எழுதினது இல்லைன்னு மட்டும் சத்தியம் பண்ணுவேன்.

பத்திரிகைத் துண்டு. 7-2-1968, சண்டிகரிலிருந்து லடாக்கில் இருக்கிற லேவுக்குப் போன ஏ.என்.12 விமானம். வானிலை சரியில்லைன்னு திரும்பும்போது ரோத்தாங் கணவாய்ப் பக்கம் காணாமப் போச்சு. 102 பேர். முப்பத்தைந்து வருஷம் கழிச்சு 2003-ல் மலையேறப் போனவங்க கண்ணில் பட்டுச்சு. 2024-ல் இன்னும் நாலு உடல் எடுத்தாங்க, அதில் ஒருத்தர் கேரளாக்காரர். ஐம்பத்தாறு வருஷம் கழிச்சு ஊர் வந்து சேர்ந்தார். அப்பா சண்டிகருக்குப் போனப்ப அந்தப் பேச்சு அங்கே ஆறியே இருக்காது. லே ரன்வே பத்தாயிரம் அடிக்கு மேல. காத்து மெலிசு. வெயில் ஏறினா இன்னும் மெலிசாகும், மத்தியானத்தில் பள்ளத்தாக்கில் காத்து வேற பேயாட்டம் ஆடும். அதனால விடியும்போதே போய் இறங்கிடணும். அந்த உயரத்துக்கு பேக்கெட்டின் ரெண்டு என்ஜினும் பத்தாம, முதுகு மேல ஆர்ஃபியஸ் ஜெட் என்ஜின் ஒண்ணைச் சேர்த்து மாட்டியிருந்தாங்க. நாட் சண்டை விமானத்தில் இருந்த அதே என்ஜின் குடும்பம். விடியும்போது கிளம்பணும்னா நாங்க மூணு மணிக்கே பிளக்கோட நிக்கணும்.

அப்பா வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?

---

காட்பாடி டீச்சர்:

மூன்று மணிக்கு ஐயா. சாகும் வரை. எழுந்து வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். மழை வருமா என்று பார்க்கிறார் என்று நினைத்தோம்.

---

ஏர்மேன் வீட்டம்மா (நெல்லை):

தங்கச்சி, எல்லாரும் அப்பாவைப் பத்தியே பேசுதாங்க. உங்க அம்மாவைப் பத்தியும் ரெண்டு வரி எழுதும்மா. நானும் அந்த வாழ்க்கை வாழ்ந்தவதான். குவார்ட்டர்ஸ் கிடைக்க வரிசையில் நிக்கணும். கிடைச்சு, அரிசி டப்பாவை அடுக்கி முடிக்கையில் அவுகளுக்கு மாத்தல் வந்துரும். இல்லைன்னா நாம ஊர்லயும் அவுக வடக்கயும். 56 ஏ.பி.ஓ.ன்னு பட்டாளத்துத் தபால் ஆபீஸ் நம்பரை மட்டும் விலாசம் போட்டுக் கடுதாசி எழுதுவோம். அது எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு அம்மை போட்டுச்சுன்னு எழுதினா, நல்லா ஆயிட்டாளான்னு கேட்டுப் பதில் வரதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிரும்.

வருஷத்துக்கு ரெண்டு மாச லீவு. மொதல் வாரம் பிள்ளைங்க பக்கத்தில் போகாதுங்க. பழகி மடியில் ஏறுறப்ப அவுக டிரங்குப் பெட்டியைக் கட்டிருவாக. வேலை செய்யிற காலத்தில் கொடுக்க முடியாததை உங்க அப்பா ஒன்பது வருஷத்தில் கொடுத்திட்டாக. உங்க அம்மா அந்தக் கையெழுத்தை என்ன சந்தோஷத்தில் போட்டிருப்பான்னு எனக்குத் தெரியும்மா.

---

ஹேங்கர் பையன்:

அக்கா, நான் இப்போது ஒரு விமானப் பராமரிப்பு நிலையத்தில் டெக்னீஷியன். உங்கள் அப்பாவிடம் படித்தவன் இல்லை, ஆனால் அவரைப் போல விமானப் படையிலிருந்து வந்த ஒரு சாரிடம் படித்தேன். முதல் மாதம் முழுக்க லாக்கிங் வயர் மட்டும்தான் கட்ட வைத்தார். போல்ட்டுகள் அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க மெல்லிய எஃகுக் கம்பியை இரட்டையாக முறுக்கிக் கட்டுவது. முறுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், அதே சமயம் கம்பி இற்றுப் போகக்கூடாது. முக்கியமானது திசை. போல்ட் கழலப் பார்த்தால் கம்பி அதை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். தலைகீழாகக் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும், பிரயோஜனம் இல்லை. சார் ஒன்றும் பேசாமல் கட்டரால் வெட்டிப் போட்டுவிட்டுத் திரும்பக் கட்டு என்பார். உங்கள் வீட்டில் அப்படி முறுக்கின கம்பி எங்காவது இருக்கிறதா பாருங்கள். அவர்கள் கை சும்மா இருக்காது.

---

காட்பாடி டீச்சர்:

தம்பி, இருக்கிறது. உன் பதிலைப் படித்துவிட்டு ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். நடுக்கூடத்து உத்திரத்தில் தூளி மாட்டும் கொக்கி. என் மகன், பிறகு தம்பியின் இரண்டு பெண்கள், மூன்று பேரும் அதில்தான் தூங்கினார்கள். கொக்கியின் திருகில் இரட்டைக் கம்பி, பின்னல் மாதிரி ஒரே சீராக முறுக்கி, நுனி யார் கையிலும் குத்தாமல் உள்பக்கமாக மடக்கி விட்டிருக்கிறது. இருபத்து மூன்று வருஷமாக அது தலைக்கு மேலே இருந்திருக்கிறது. கழற்றிப் பார்க்க மனசு வரவில்லை. விரலால் தொட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அக்கா, அம்மாவைப் பற்றிக் கட்டாயம் எழுதுகிறேன். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அம்மா போன அன்று காலை ஆறு மணி மாத்திரைக்கு அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. அம்மாவின் கட்டம் காலி. அதற்குக் கீழே மாதக் கடைசி வரை கோடு போட்டு வைத்திருக்கிறார், ஒன்றும் எழுதவில்லை.

திவசத்தன்று படத்துக்கு முன்னால் அந்தப் பிளக்கை வைக்கலாம் என்று தம்பி சொல்கிறான். அய்யர் ஏதாவது சொல்வாரோ என்று யோசித்தேன். சொன்னால் சொல்லட்டும். ஐயா, அதில் லேசாகத் துரு ஏறியிருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

---

பேக்கெட்காரன் (திருச்சி):

உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க அம்மா, கீறல் விழும். மண்ணெண்ணெயில் நனைச்ச பழைய வேட்டித் துணியால மெதுவா துடைங்க. பீங்கான் பக்கம் ஈரம் நிக்காம காய விடுங்க. மரை மேல கிராஃபைட் கிரீஸ் துளி, தீக்குச்சி நுனியில் எடுக்கிற அளவு போதும், சுத்தி வர ஒரே மாதிரி தடவுங்க. வெறும் கையால நுனியைத் தொடாதீங்க. முடிச்சிட்டு ஒரு படம் எடுத்து இங்கே போடுங்க, சரியா இருக்கான்னு நான் பார்த்துச் சொல்றேன்.